கேட்டுவிட்டு வருகிறேன்

கேட்டுவிட்டு வருகிறேன் என்று, வேலை கேட்டு வந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தாயிற்று. இனி ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் இங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் வேலை. கேட்பதற்கு இங்கே ஆள் கிடையாது. எம்.டி. காலையிலேயே தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். இது அவருடைய அறை. அவருடைய மேஜை, அவருடைய நாற்காலி, நாற்காலியின் முதுகில் அவர் விரித்துப் போட்டிருக்கும் வெள்ளைத் துண்டு, சுவரில் குட்டிச் சிவப்பு பல்போடு முருகன், மேஜைக்கு இந்தப் பக்கம், வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் நான். குழந்தைவேல், வயது நாற்பத்தெட்டு, பம்ப் செட் செய்கிற கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர், ஒரு துண்டோடு சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்க முடியாது, கதவைச் சாத்திவிட்டேன். ஏ.சி. போடலாமா? ரிமோட் அவர் டிராயரில் இருக்கிறது, அவர் டிராயரைத் திறக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வேர்க்கட்டும். அங்கே, வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுகிற கண்ணாடி அறையில் அவளுக்கு ஃபேன் ஓடுகிறதா? போட்டுவிட்டு வந்தேனா? போட்டேன். இல்லை, போன வாரம் வந்தபோது போட்டேன், இன்றைக்குப் போட்டதாக ஞாபகம் இல்லை. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு அதன் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். டிக், டிக். சம்பளம் கேட்டதற்கு முப்பத்தெட்டுங்க என்று சொன்னபோது மட்டும் அந்தச் சத்தம் நின்றது.

இது எம்.டி. சொல்லிக் கொடுத்த பாடம். யார் என்ன சம்பளம் கேட்டாலும் உட்கார்ந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிடக் கூடாது. எழுந்து போக வேண்டும். அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி எம்.டி. அறைக்குள் நுழைய வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். “கேட்டதும் சரின்னுட்டா, அடடா கம்மியாக் கேட்டுப்போட்டமேன்னு அவங்களுக்கு ராத்திரி தூக்கமே வராதுங்க குழந்தைவேலு. அவங்க தூக்கத்தையும் நாமதான பாக்கோணும்,” என்பார். அவருடைய அப்பா மாட்டு வியாபாரத்தில் சம்பாதித்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். சந்தையில் கை மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. மகன் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுக்கொண்டார், பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தக் கம்பெனியில் ஒருத்தன் சம்பளம் இன்னொருத்தனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் எல்லாருடையதும் தெரியும், தெரிந்து என்ன கண்டேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவர் உள்ளே இருப்பார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உக்காருங்க என்பார், நானும் உட்கார்ந்து பேப்பரின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பேன், போதும் போங்க என்றதும் போவேன். இன்றைக்கு நீங்கள் இல்லையே என்று காலையில் போனில் கேட்டதற்கு, நான் இல்லாட்டி என்ன, ரூம் இருக்குதல்ல, போயி உக்காந்துட்டு வாங்க என்றுவிட்டார். ரூம் இருக்கிறது. முருகனும் இருக்கிறார். அதனால்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன். கால் தானாகக் கழற்றிவிடும், அவ்வளவு பழக்கம். இந்த அறைக்குள் செருப்போடு யாரும் வரக் கூடாது, எம்.டி.யே தன்னுடைய வார்ச்செருப்பை வெளியில்தான் விடுவார். காலையில் ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்த வாசலைத்தான் பார்ப்பார்கள். வார்ச்செருப்பு கிடந்தால் குரல் தணியும். கிடக்காவிட்டால் கேன்டீன் நிறையும்.

நாற்பத்தைந்து வரைக்கும் போகலாம் என்று எம்.டி. என்னிடம் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டது முப்பத்தெட்டு. நான் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டியது முப்பத்திரண்டு. எல்லாம் ஆயிரத்தில், மாதத்துக்கு. இந்துமதி என்று பெயர், சூலூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள், டெஸ்டிங் பிரிவுக்கு இன்ஜினியர். அந்த வேலையில் முன்பு இருந்த ராஜ்மோகன் நாற்பத்து நாலு வாங்கினான். கொடுத்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் கிளம்புகிறேன் என்று எழுந்து நின்றான், அவனை உட்கார வைக்க எம்.டி.யே இந்த அறையிலிருந்து ஓடி வந்தார், செருப்புக்கூடப் போடாமல். இவள் எழுந்து நிற்க மாட்டாள். நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டாள். மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை, கையில் குழந்தை. மாமியார் இந்தச் சித்திரையில் காலமாகிவிட்டார். வீட்டுக்காரர் லேத் பட்டறையில், அங்கே பாதி நாள் வேலையில்லை. இதையெல்லாம் அவளாகச் சொல்லவில்லை, நான்தான் ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேசிப் பிடுங்கினேன். எங்கே தொட்டால் நோகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாலு வருஷ இடைவெளி, மிஷினெல்லாம் மாறிப்போச்சு, நாங்க புதுசாச் சொல்லிக் குடுக்கோணும் என்று ஆரம்பித்தால் முப்பத்திரண்டுக்கு வந்துவிடுவாள். வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். எத்தனை பேரை இறக்கியிருக்கிறேன். ஆனால் இவள் எத்தனை தடவைதான் வருவாள் பாவம். முதலில் எழுத்துப் பரீட்சை. அப்புறம் ஒரு முழு நாள் மிஷின் ஓடுகிற ஷாப் ஃப்ளோரில் நிறுத்தி, இதுவும் பரீட்சைதான் என்று சொல்லி, கஸ்டமர் திருப்பி அனுப்பிய மோட்டார்களைப் பார்க்கச் சொன்னோம். பார்த்தாள். அந்த லோடு மறுநாளே வண்டி ஏறிவிட்டது. அவளுக்குக் கேன்டீனில் ஒரு சாப்பாடு, அதோடு சரி. அதற்கப்புறம் போன வாரம் இந்த அறையில் எம்.டி. பார்த்தார். மோட்டாரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அடுத்தது ஒண்ணு பெத்துக்கற உத்தேசம் இருக்குதுங்களா என்றார், நட்சத்திரம் என்ன என்றார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் முருகனைப் பார்த்துவிட்டு, சுவாதிங்க என்றாள். முதல் கேள்விக்குப் பதிலே வரவில்லை. எம்.டி.க்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

சொல்லி அனுப்புகிறோம் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை. அவர்களாகக் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் கூப்பிடுவார்கள், நல்ல நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள், அப்பாவை விட்டுக் கூப்பிடச் சொல்வார்கள். எடுக்காமல் இருப்பதற்காக அந்த நம்பர்களைப் போனில் ‘வேண்டாம் ஒண்ணு’, ‘வேண்டாம் ரெண்டு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாள் என் மனைவி கனகா பார்த்துவிட்டு, ஏனுங்க, உங்களுக்கு இத்தன பேர வேண்டாமா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் அனுப்புகிற பயோடேட்டாவை நான் எந்த டிராயரில் போடுகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அது அடி டிராயர், பூட்டுப் போடாதது, யாரும் திருடமாட்டார்கள். எனக்கு நாற்பத்தெட்டு. இங்கிருந்து கிளம்பினால் என் பயோடேட்டா எந்த ஊரில் எந்த அடி டிராயருக்குள் போகும்? அதை நினைக்கக் கூடாது. முப்பத்திரண்டை நினைக்க வேண்டும். முப்பத்திரண்டு என்று சொல்லும்போது குரல் எப்படி இருக்க வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும், எல்லாம் ஒத்திகை பார்த்தது போல வரும். ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை, முப்பத்தெட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று தெரியும். தெரியாதது போல உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முப்பத்தாறு.

ஆமாம், எனக்கு முப்பத்தாறு. பதினோரு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிற எனக்கு முப்பத்தாறு. முப்பத்தெட்டுங்க என்று அவள் சொன்னபோது கம்பெனிக்கு வலித்ததோ இல்லையோ, எனக்கு வலித்தது. மார்புக்கு நடுவில், புளித்த மோர் குடித்த மாதிரி. நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு என்னைவிட ரெண்டு கூட. அவளை முப்பத்திரண்டுக்கு இறக்கினால் எம்.டி.க்கு லாபம், சரிதான், எனக்கு என்ன? எனக்கு நிம்மதி. அதுதான் அசிங்கம். ராஜ்மோகன் நாற்பத்து நாலு வாங்கியபோது எனக்கு இப்படி இல்லையே. அவன் ஆம்பிளை, குரல் பெரிசு, அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று எந்த மூலையிலோ நானே ஒத்துக்கொண்டிருக்கிறேன். இவளிடம்தான் முப்பத்தெட்டு கண்ணை உறுத்துகிறது. சரி, நானும் கேட்காமல் இல்லை. வருஷா வருஷம் கேட்டேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். எம்.டி. நல்ல மனுஷன், முகத்தை முறிக்க மாட்டார். எனக்குக் குடுக்கோணும்னுதான் இருக்குதுங்க குழந்தைவேலு, ஆனாக் கையெழுத்து அம்மாதான போடோணும், ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன் என்று எழுந்து அந்த உள்கதவைத் திறந்துகொண்டு போவார். அதோ அந்தக் கதவு, பீரோவுக்குப் பக்கத்தில். உள்ளே வீட்டுக்குப் பேசுகிற போன் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே வருவார். அம்மாவிடம் எனக்காக மல்லுக்கட்டித் தொண்டை வறண்டு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார் என்று எனக்குப் பாவமாக இருக்கும். உட்கார்ந்து தலையை ஆட்டுவார். தீபாவளி போகட்டுங்கறாங்க. அடுத்த வருஷம், ஆர்டர் கம்மின்னு அம்மாவுக்கு மனசு சரியில்ல. அதற்கடுத்த வருஷம், இப்ப வேண்டாம்னு ஒரே புடியாச் சொல்றாங்க. நான்தான் அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வருவேன்.

எம்.டி.யின் அம்மாவைப் பெரியம்மா என்றுதான் நாங்கள் எல்லாரும் கூப்பிடுவோம். ரேஸ்கோர்ஸ் பங்களாவில் இருக்கிறார்கள், ஆபீசுக்கு வருவதில்லை. அந்த அம்மாவை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன், மனதுக்குள்ளும், வீட்டில் கனகாவிடம் வாய்விட்டும். சாகிற காலத்தில் இந்தக் கிழவிக்கு இத்தனை கெட்டிப் புத்தியா என்று. அவர்களுடைய எண்பதாவது பிறந்த நாளுக்கு எங்களையெல்லாம் பங்களாவுக்கு அழைத்திருந்தார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தேன். கையில் வேட்டி துண்டு கொடுத்துவிட்டு, என் கையை விடாமல், “பையன் சம்பளமெல்லாம் நல்லாக் குடுக்கறானா சாமி உனக்கு?” என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. குடுக்கறாருங்க பெரியம்மா என்றேன், வேறென்ன சொல்ல. தடுக்கிறதையும் தடுத்துவிட்டுக் குடுக்கறானா என்று கேட்கிற சாமர்த்தியத்தைப் பார் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன். அந்த வேட்டியை இன்னும் கட்டவில்லை. பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கனகா இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்று திருப்பி வைத்துவிட்டேன். வயசான மனுஷி மேல் இவ்வளவு கோபம் ஆகாது என்று அவள் சொல்வாள். அவளுக்கு என்ன தெரியும், கேட்டு வாங்கிய அவமானம் எனக்கல்லவா.

சட்டைப் பையில் போன் துடிக்கிறது. கனகாதான். இங்கிருந்து பேசினால் குரல் கண்ணாடி அறைக்குக் கேட்கும், எம்.டி.யிடம் பேசப் போனவன் கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசுகிறான் என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால் விடமாட்டாள், திரும்பத் திரும்ப அடிப்பாள். உள்கதவுக்குப் பின்னால் போய்ப் பேசலாம். போகலாமா? அந்தக் கதவை நான் தொட்டதே இல்லை. சும்மா ஒரு நிமிஷம்தானே, ஆள் ஊரில் இல்லை. பிடியைத் திருப்பினால் பூட்டவில்லை. உள்ளே இருட்டு, சுவரைத் தடவி லைட்டைப் போடுகிறேன், கதவைச் சாத்திக்கொண்டு, என்ன கனகா என்கிறேன். பதில் இல்லை. போனைப் பார்க்கிறேன், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கையைத் தூக்கிப் பிடிக்கிறேன், மூலைக்கு மூலை போகிறேன், போவதற்கு எத்தனை இடம் இருக்கிறது, நாலு பக்கமும் காங்கிரீட், ஒரு ஆள் நின்று திரும்பலாம். ஒரு கை கழுவும் தொட்டி. கண்ணாடி. போன வருஷத்துக் கம்பெனி காலண்டர்கள் சுருட்டிச் சுருட்டி அட்டைப் பெட்டியில். ஒரு ஸ்டூல். வீட்டுக்குப் பேசுகிற போன் எங்கே? பெட்டிக்குப் பின்னால் பார்க்கிறேன். சுவரில் ஒயர் வந்த ஓட்டைகூட இல்லை. ஸ்டூலுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடித்திருக்கிறது, அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் கடலை மிட்டாய். பாதி டப்பா கடலை மிட்டாய், தொட்டியின் ஓரத்தில் அதன் தூள், எறும்பு வரிசை. வெல்ல வாசனை மூக்கில் ஏறுகிறது, இந்த வாசனையை எனக்குத் தெரியும், எங்கே என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தீபாவளி போகட்டுங்கறாங்க என்று அவர் சொன்னபோது வந்த வாசனை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வெறும் சுவர். அவரும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் முருகனை வேண்டிக்கொண்டிருப்பேன், பெரியம்மா மனசு இளகட்டும் முருகா என்று, இவர் இந்தப் பக்கம் கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்காமல் கடித்திருக்கிறார், அதுவும் ஒரு திறமைதான். சிரிப்பு வருகிறது, சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வருகிறது, வேர்வை என்று துடைத்துக்கொள்கிறேன், இங்கே யார் பார்க்கிறார்கள், அழுகைதான். அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர். சொல்லிக் கொடுத்துவிட்டு என் மேலேயே வருஷா வருஷம் போட்டுப் பார்த்திருக்கிறார், நானும் எழுந்து போகிறவரைக் கைகூப்பி அனுப்பியிருக்கிறேன். ஊரையே இறக்குகிற எச்.ஆர். மேனேஜருக்கு இது உறைக்கவில்லை. பெரியம்மா. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்களே, அது கிண்டல் இல்லை. சாமர்த்தியம் இல்லை. தெரியாமல் கேட்டிருக்கிறார்கள். நிஜமாகவே, மகன் கொடுக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் குடுக்கறாருங்க என்று பொய் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்து வைத்து, இத்தனை நாள் அந்த மனுஷியைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த வேட்டியை நினைத்தால்தான் தாங்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். நல்ல கடலை மிட்டாய், பல்லில் ஒட்டுகிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று? அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கொக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டு, இந்த அறைக் கதவைப் பார்த்தபடி, உள்ளே தனக்காக யாரோ வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. போக வேண்டும். போய் நாற்பத்தைந்து என்று சொல்ல வேண்டும். இப்படி ஏமாந்து உட்கார்ந்திருக்கிற சிரமம் அவளுக்கு வேண்டாம். நாற்பத்தைந்து, என்னைவிட ஒன்பது கூட, இருக்கட்டும், வலிக்கட்டும், சொல்லிவிட வேண்டும். எழுந்து லைட்டை அணைக்கிறேன். நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டே நடக்கிறேன், வழியில் மாறிவிடும் போல.

கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது என் கை தானாக வாயைத் துடைக்கிறது. ஃபேன் ஓடவில்லை. போடாமல்தான் போயிருக்கிறேன், அவளும் சுவிட்சைத் தொடவில்லை, மேலுதட்டில் வேர்வை. ஃபேனைப் போட்டுவிட்டு உட்காருகிறேன். சொல்ல வாயைத் திறக்கிறேன். “ரொம்பப் பேசிப் பாத்தேனுங்க,” என்று வருகிறது. அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் அதன் பாட்டுக்கு வரும், பெருமூச்சுகூட அதன் இடத்தில் வந்துவிட்டது. “நாலு வருஷம் கேப் இருக்குதல்லங்க, அதான். முப்பத்தஞ்சுக்கு ஒத்துக்கிட்டாருங்க.” முப்பத்தைந்தா? இது எங்கிருந்து வந்தது? எம்.டி. சொன்னது இல்லை, அவள் கேட்டது இல்லை, நான் நினைத்துக்கொண்டு வந்தது சத்தியமாக இல்லை. என் சம்பளத்துக்கு ஒன்று கீழே. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்த பிறகும் என் வயிறு இந்த எண்ணைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்க்கிறாள். அப்போதுதான் தரை சில்லென்று இருப்பது எனக்கே தெரிகிறது. செருப்பைப் போடாமல் வந்திருக்கிறேன்.

“எம்.டி. சார் உள்ள இருக்காருங்களா?” என்கிறாள். இருக்காருங்க என்கிறேன். “போன வாரம் வந்தப்ப அவரு செருப்புப் பக்கத்துலதானுங்க என் செருப்பையும் விடச் சொன்னாங்க. இன்னைக்கு நீங்க உள்ள போனதுல இருந்து அங்க ஒரு ஜோடிதான் கெடக்குது. உங்குளுது.” கோபமாகச் சொல்லவில்லை. மோட்டாரில் இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்கிற மாதிரி சொல்கிறாள். கண்ணாடி வழியாக நானும் பார்க்கிறேன், அங்கே கிடக்கிறது, குதிகால் தேய்ந்த என் செருப்பு, பவ்வியமாக ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. அவள் ஹெல்மெட்டைப் பையின் பக்கத்தில் மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். “செரிங்க சார். நானும் கேட்டுட்டு வந்தர்றேனுங்க.”

யாரை என்று நான் கேட்கவில்லை. வெளியே போகிறாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வண்டிகள் நிறுத்துகிற தகரக் கொட்டகையின் நிழலில் போய் நிற்கிறாள். போன் பையில் இருக்கிறது, பை இங்கே இருக்கிறது. யாரிடமும் பேசவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமா? இத்தனை வருஷம் இந்த அறையில் எத்தனை பேரை உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், அவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா, சுவரில் இருக்கிற பம்ப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு. வரமாட்டாளோ? ஹெல்மெட் இருக்கிறதே, வருவாள். வந்து வேண்டாங்க என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனால்? போகட்டும், போனால் எனக்கு நல்லதுதானே, இல்லை, நல்லதில்லை, அவள் போகக் கூடாது. அவள் போய்விட்டால் நான் அந்த முப்பத்தைந்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். கொக்கியை ஒரு தடவை மாட்டிப் பார்க்கிறேன். டிக். கழற்றுகிறேன். அவள் கதவைத் திறக்கிறாள், கையை எடுத்துக்கொள்கிறேன்.

“கேட்டுட்டேனுங்க,” என்கிறாள் உட்கார்ந்து. “நாப்பத்திரெண்டுன்னா வரலாம்னு சொல்றாங்க.” குரலில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கிறது, இவ்வளவு நேரம் இல்லாதது, வேலை அவளுக்கு வேண்டும், போய்விடுமோ என்கிற பயம் இருக்கிறது, இருந்தும் சொல்லிவிட்டாள். என் கால் எழுந்திருக்கத் தயாராகிறது. கேட்டுவிட்டு வருகிறேன் என்பது நாக்கு நுனியில் நிற்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. “என்னையே நாப்பத்தஞ்சு வரைக்கும் முடிக்கச் சொல்லியிருக்காங்க,” என்கிறேன். “நாப்பத்தஞ்சே போட்டுக்கறேனுங்க. கம்மியாப் போட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது.” அவள் நம்பவில்லை, என்னைப் பார்க்கிறாள், இதிலும் ஏதாவது வித்தை இருக்கிறதா என்று தேடுகிறாள். நியாயம்தான். பேப்பரை இழுத்து அவள் எதிரிலேயே எழுதுகிறேன், கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் திருப்பி வைக்கிறேன். படித்துவிட்டு, வர்ற வியாழக்கிழமை சேந்துக்கலாமுங்களா என்று மட்டும் கேட்கிறாள். சேர்ந்துகொள்ளலாம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகிறாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, செருப்பப் போட்டுக்கங்க சார் என்கிறாள்.

போட்டுக்கொள்ளத்தான் வந்தேன். வந்து நிற்கிறேன். எம்.டி. நாளைக்கு எத்தனைக்கு முடித்தீர்கள் என்று கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னால் முகத்தை முறிக்க மாட்டார், அதுதான் பயம், சிரித்துக்கொண்டே என்ன வேண்டுமானாலும் செய்வார், அடி டிராயர் எங்கும் இருக்கிறது. செருப்பில் காலை நுழைக்கிறேன். இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, கோடு முழுசாக. பங்களா நம்பர் என்னிடம் உண்டு, வருஷப் பிறப்புக்குக் காலண்டர் கொடுத்தனுப்பப் பேசுவது. எனக்காக ஒரு தடவைகூட இந்த நம்பருக்குப் பேசத் தோன்றியதில்லை. கனகாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுச் செய்யலாமா? யாரைக் கேட்பது, இதற்கு மேலும் யாரைக் கேட்பது. அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது. வெகுநேரம் அடிக்கிறது, நல்லவேளை எடுக்கவில்லை என்று வைக்கப் போகும்போது எடுக்கிறார்கள்.

“யாரு கண்ணு?”

“ஆபீசுலிருந்து குழந்தைவேல் பேசறேனுங்க பெரியம்மா. உங்க பொறந்த நாளன்னிக்கு எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்க, சம்பளம் நல்லாக் குடுக்கறானான்னு. அதுக்கு இப்பப் பதில் சொல்லலாமுங்களா?”